நள்ளிரவு தொடக்கம் காலை ஏழு வரை

மல்லாவிச் சந்திக் கடையில்
இரண்டு துண்டுப் பிரசுரம் தந்தான் பெடியன்.
பச்சைக் கம்பனி, மாதம் ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூறு.
மஞ்சள் கம்பனி, தொள்ளாயிரத்துத் தொண்ணூறு.
இரண்டிலும் ஒரே பொம்பிளை
சட்டை மாற்றி நின்று சிரிக்கிறாள்.

விதைநெல் கணக்கு எழுதுகிற கொப்பியின்
பின்பக்கத்தில் கோடு கிழித்தேன்.
டேட்டா: பச்சையில் இருபது, மஞ்சளில் இருபத்தைந்து.
வெளிக் கம்பனிக்கு எடுத்தால்
இரண்டிலும் நிமிசத்துக்கு இரண்டு ரூபாய்.
தங்கட கம்பனிக்குள் நள்ளிரவு தொடக்கம் காலை ஏழு வரை
பச்சையில் சும்மா கதைக்கலாம். மஞ்சளில் அது இல்லை.
வரி புறம்பு என்பதை மட்டும்
இரண்டு பேரும் எறும்பு எழுத்தில் போட்டிருந்தார்கள்.

"இரவுக் கோலை விடுங்கோ அக்கா,
பன்னிரண்டுக்குப் பிறகு காதலிக்கிற ஆக்கள்தான் கதைக்கிறது.
உங்களுக்கு மஞ்சள்தான் லாபம்."

தம்பி, உனக்கு வயல் இல்லை.

மார்கழிக் கடைசி. பயிர் குடலை.
வவுனிக்குளத்துக்கு அங்கால் காட்டுக்குள் நிற்கிறவை
மணம் பிடித்து இறங்குகிற நேரம்
பன்னிரண்டுக்கு முன்னும் இல்லை, ஏழுக்குப் பின்னும் இல்லை.
பச்சைக் கம்பனியில் ஆரோ ஒருவன்
யானையைக் கேட்டுத்தான் பக்கேஜ் போட்டிருக்கிறான்.

வாய்க்கால் நெடுக ஐந்து காவல் கொட்டில்.
நான், பூலோகம் அண்ணை, டிலக்சன்,
வளைவில் நகுலா. நாலு பேரும் பச்சை.
இரவிரவாக ஒரே கோல், வெட்டுறதில்லை.
ஆரோ வெற்றிலை துப்புவது கேட்கும்.
டிலக்சன் தன் சீட்டுக் காசுக் கதையை
மூன்றாம் தரம் தொடங்குவான்.
குறட்டை கேட்டால் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம்.
"துருசடியில ஒரு கறுப்பு அசையுது" என்று நகுலா சொன்னால்
நாலு ரோச்சும் ஒரே பக்கம் திரும்பும்.
ஒரு வெடி போதும்.

ஐந்தாம் கொட்டில் சவுந்தரநாயகம். மஞ்சள்.
மாதம் ஐந்நூறு மிச்சம், இரண்டு வருச ஒப்பந்தம்,
அப்ப பன்னிரண்டாயிரம் என்றார்.
பெருக்கிப் பார்த்தேன். பிழையில்லை.
அவரையும் கோலில் சேர்ப்பதென்றால்
இரவுக்கு நானூற்றிருபது நிமிசம்,
எண்ணூற்று நாற்பது ரூபாய்,
நாலு பேருக்குப் பிரித்தால் இருநூற்றுப் பத்து.
அதையும் எழுதிப் பார்த்தேன்.
எழுதிவிட்டுக் கொப்பியை மூடினேன்.

பொங்கலுக்கு முதல் இரவு, இரண்டே முக்கால்.
மூன்று பெரிசு, ஒரு குட்டி.
எங்கள் வெளிச்சத்தைக் கண்டு விலகி
வெளிச்சம் இல்லாத பக்கம் நடந்தன,
அவசரமே இல்லாமல்.
கத்தினோம். காற்று எதிர்.
நான் அவருக்கு எடுத்தேன்.
ரிங் போனது. திரும்ப எடுத்தேன். போனது.
மனிசன் நல்ல நித்திரை.
அவர் குறட்டையைக் கேட்க
அந்தப் பக்கம் ஒருத்தரும் இல்லை.

விடியப் பார்த்தால் முக்கால் ஏக்கர்,
பாய் விரித்த மாதிரி.
ஏன் எழுப்பேல்லை என்று அவர் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.
சேற்றில் குட்டியின் காலடிக்குள் நின்றுகொண்டு
"ஒப்பந்தத்தை முறிச்சால் எவ்வளவு கட்ட வேணும்?" என்றார்.

ஆறாயிரம் என்றான் கடைப் பெடியன்,
தாளைத் திருப்பி எறும்பு எழுத்தைக் காட்டி.
ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு.
மீதி வராமல் பிரிந்தது.
டிலக்சன் மட்டும் சீட்டு எடுத்தபிறகு தாறன் என்றான்,
இன்னும் தரவில்லை.

அன்று இரவு கோலில் ஐந்து பேர்.
ஒரு மணிக்கே குறட்டை.
பூலோகம் அண்ணை பெயரைச் சொல்ல வாயெடுத்தார்.
"படுக்கட்டும்," என்றாள் நகுலா,
"அவற்றை பக்கத்தையும் நான் பாக்கிறன்."